சைபீரியன் ஐரிஸ்: ஓரத்தில் மட்டும் பூ, நடுவில் வெறும் குழி. எப்போது பிரித்து நடுவது?

பிராம்ப்டன்_மல்லி

எல்லோருக்கும் வணக்கம். கனடாவில், பிராம்ப்டனில் நாங்கள் வாங்கிய வீட்டின் பின்பக்கத்தில், முன்பு இருந்தவர்கள் வைத்துவிட்டுப் போன சைபீரியன் ஐரிஸ் தூர் ஒன்று இருக்கிறது. வந்த முதல் ஜூனில் அது பூத்தபோது நானும் என் கணவரும் அசந்து நின்றுவிட்டோம். இடுப்பு உயரத்துக்கு மெல்லிய தண்டு, உச்சியில் கருநீலமும் ஊதாவும் கலந்த பூ, கீழே வளைகிற இதழின் தொண்டைப் பக்கம் வெள்ளைத் திட்டு, அந்தத் திட்டின் குறுக்கே கருநீல நரம்புகள். பொதபொதவென்ற வண்டுத்தேனீக்கள் அந்த வெள்ளைத் திட்டில் வந்து இறங்கி, அப்படியே தலையை உள்ளே நுழைத்துக்கொண்டு போகும்.

ஆனால் ஒவ்வொரு வருடமும் பூ குறைந்துகொண்டே வருகிறது. தூர் இப்போது கிட்டத்தட்ட ஒரு மீட்டர் அகலம். சுற்றிலும் வளையமாகப் பச்சை, நடுவில் சாம்பல் நிறத்தில் செத்த கட்டைகள்தான். இந்த வருடம் ஓரத்தில் மட்டும் பூத்தது. இப்போது பூ முடிந்து காய் பிடித்திருக்கிறது.

இரண்டாவது, நர்சரியில் தொட்டியில் வாங்கிய இன்னொரு ஐரிஸ், வெள்ளையும் மஞ்சளுமாகப் பூக்கும் வகை. பக்கத்து வீட்டு மேப்பிள் மரம் எங்கள் வேலிக்கு மேலே கிளை விட்டிருக்கிறது, அதற்குக் கீழேதான் வைத்திருக்கிறோம். இலை வருகிறது, பூ வந்ததே இல்லை. இலையும் வெளிறிப்போய், நரம்பு மட்டும் பச்சையாகக் கோடு கோடாகத் தெரிகிறது. எங்கள் மண் கனமான களிமண்.

யூடியூபில் பார்த்த ஒருவர், ஜூலையில் கிழங்கைத் தோண்டி எடுத்து, வெட்டுவாய் காயும்வரை நிழலில் போட்டுவைத்து, கிழங்கின் முதுகு வெயில் படும்படி மண்ணுக்கு மேலேயே நட வேண்டும் என்கிறார். சைபீரியனுக்கும் அப்படித்தானா?

கடைசியாக ஒன்று. அத்தை ஊரிலிருந்து வந்திருக்கிறார். இலையைப் பார்த்துவிட்டு "இது வசம்பு மாதிரியே இருக்கிறதே, குழந்தைக்கு உரைத்துப் போடலாமே" என்கிறார். அதற்கும் யாராவது பதில் சொல்லுங்கள், அவசரம்.

ஓக்வில்_தோட்டம்

வசம்பு விஷயத்துக்கு முதலில். வேண்டாம், கண்டிப்பாக வேண்டாம். ஐரிஸ் கிழங்கு விஷம், வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும், குழந்தை வாயில் படவே கூடாது. நாய் இருந்தால் அதுவும் தோண்டிக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வசம்பு இலையைக் கசக்கினால் வாசம் தூக்கும், ஐரிஸ் இலையில் வெறும் புல்வாடைதான் இருக்கும். வசம்பு இலையில் ஒரு தடித்த நரம்பு, நட்ட நடுவில் இல்லாமல் கொஞ்சம் ஒதுங்கி ஓடும், விரலால் தடவினாலே தெரியும். பூவையும் பார்க்கலாம். வசம்புக்கு இதழே கிடையாது, இலையோடு ஒட்டி விரல் நீளத்துக்கு ஒரு கதிர்தான் நீட்டிக்கொண்டிருக்கும். அத்தையிடம் இதைக் காட்டுங்கள், செடி தெரிந்தவர் என்றால் ஒரு நிமிடத்தில் ஒத்துக்கொள்வார்.

பிரிப்பது பற்றி: எங்கள் வீட்டில் பியர்டட் ஐரிஸ் நிறைய உண்டு, அதை நான் ஜூலை நடுவில் பிரித்து, மேலாக்க நடுவேன், நன்றாகவே வருகிறது. சைபீரியன் வைத்தவர்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்கள் சொல்லட்டும்.

ஸ்காபரோ_பின்வளவு

தங்கச்சி, அந்த வீடியோ பொய்யில்லை, ஆனால் அது வேறு செடிக்கு. கீழ் இதழில் மயிர்க்கற்றை மாதிரி தாடி இருக்கிற பியர்டட் ஐரிஸுக்கு அது சரி. அந்தக் கிழங்கு தடியாக, சதைப்பற்றோடு, வறண்ட வெயில் நிலத்துக்கு ஏற்றபடி இருக்கும், காயப் போட்டாலும் சாகாது, ஈரத்தில் புதைத்தால்தான் அழுகும். சைபீரியன் ஐரிஸ் ஈரப் புல்வெளியில், ஓடைக்கரையில் வளர்ந்த சாதி. நடு ஐரோப்பா, கிழக்கு ஐரோப்பா, துருக்கி, ரஷ்யா, அங்கிருந்து மேற்குச் சைபீரியா வரைக்கும் அதன் ஊர். கிழங்கு விரல் மொத்தம்தான் வரும், அதிலிருந்து கம்பி கம்பியாக வேர் இறங்கும். அந்த வேர் காய்ந்தால் செடிக்குப் பெரிய அடி. ஐரிஸ் என்று தேடினால் வருகிற அறிவுரையில் பெரும்பகுதி தாடிக்காரனுக்கு எழுதினது, அதை அப்படியே சைபீரியனுக்குச் செய்தால் நல்ல செடியைக் கெடுத்துப்போடுவோம். எனக்கு இதில் கொஞ்சம் கோபமே உண்டு, ஏனென்றால் இவ்வளவு பாடுபடுத்தாத ஒரு பூச்செடியை "எனக்கு வரவில்லை" என்று சொல்லித் தூக்கி எறிகிறவர்களைப் பார்க்கிறேன்.

உங்கள் பழைய தூருக்கு நோய் ஒன்றும் இல்லை, வயசுதான். ஒருமுறை பூத்த கிழங்கு திரும்பப் பூக்காது. அதன் பக்கத்தில் வருகிற புது முளைதான் அடுத்து பூக்கும். அப்படியே வெளிப்பக்கமாக நகர்ந்து நகர்ந்து போகும், நடுவில் பழைய கட்டை மிஞ்சும். நடு வெறுமையாகிப் பூவும் குறைந்தால் பிரிக்கிற காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். பூ நன்றாக வந்துகொண்டிருந்தால் வருடக்கணக்கில் தொடாமலே விடலாம், அதற்குத் தொட்டால் பிடிக்காது.

இப்போது, ஜூலை வெயிலில், தோண்ட வேண்டாம். ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் நடு வரைக்கும் நல்ல நேரம். நிலம் உறைவதற்குள் புது வேர் ஓட அதற்கு ஐந்தாறு வாரம் வேண்டும், பிராம்ப்டனில் அக்டோபருக்குள் நுழைந்தாலே உறைபனி விழத் தொடங்கிவிடும், அதனால் பிந்த விடாதீர்கள். தோண்டுவதற்கு முதல் நாள் நன்றாகத் தண்ணீர் விடுங்கள். இலையை ஒரு சாண் உயரத்துக்கு வெட்டிவிட்டு, சுற்றிவர மண்வெட்டியை ஆழமாக இறக்கித் தூரைக் கிளப்புங்கள். ஒரு மீட்டர் அகலத் தூர் என்றால் தனி ஆளால் தூக்க முடியாது, தம்பியைக் கூப்பிடுங்கள். கையால் பிய்க்கவும் முடியாது, வேர் பாய் பின்னின மாதிரி இருக்கும். மண் கிளறும் பெரிய முள்கரண்டி இரண்டை முதுகோடு முதுகாகக் குத்தி விரித்தால் பிளக்கும், அதுவும் முடியாவிட்டால் பழைய மரமறுக்கும் வாளால் அறுங்கள், பயப்பட வேண்டாம். நடுவில் உள்ள செத்த கட்டையை எறிந்துவிட்டு, வெளி வளையத்திலிருந்து துண்டு எடுங்கள். ஒரு துண்டில் நாலிலிருந்து ஆறு இலைக்கொத்தாவது இருக்க வேண்டும். ஒன்றிரண்டு கொத்தாகப் பிரித்தால் எண்ணிக்கை கூடும், ஆனால் அது தேறிப் பூக்க வருடங்கள் ஆகும்.

பிரித்த துண்டை வெயிலில் வைக்காதீர்கள். வாளித் தண்ணீரில் வையுங்கள், இல்லாவிட்டால் ஈரச்சாக்கால் மூடுங்கள். கிழங்கின் மேல் இரண்டரையிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் மண் இருக்கிற அளவு ஆழத்தில் நடுங்கள், வேரைக் கீழே விரித்துவிட்டு. அதைவிட ஆழம் போனால் பூ குறையும். துண்டுக்குத் துண்டு 45 முதல் 60 சென்டிமீட்டர் விடுங்கள், ஆரம்பத்தில் வெறுமையாகத் தெரியும், பிறகு தானே நிரம்பும். நட்டதிலிருந்து நிலம் உறையும் வரை தண்ணீரை விடாதீர்கள், சாகிற புதுச் செடிகளில் பெரும்பாலானவை தண்ணீர் இல்லாமல்தான் சாகின்றன. முதல் குளிர்காலத்துக்கு மட்டும், நிலம் உறைந்த பிறகு, மேலே இலைச்சருகோ வைக்கோலோ போட்டு மூடுங்கள். குளிர் தாங்காது என்பதற்காக இல்லை, மைனஸ் 35 டிகிரியையே தாங்குகிற செடி இது. உறைவதும் உருகுவதுமாக மாறி மாறி நடந்தால் வேர் பிடிக்காத துண்டை மண் மேலே தள்ளிவிடும், அதற்காகத்தான் மூடுவது.

அடுத்த ஜூனில் பூ இல்லாவிட்டால் கலங்க வேண்டாம். இடம் மாற்றினால் ஒரு வருடம், சில நேரம் இரண்டு வருடம், முறுக்கிக்கொண்டுதான் நிற்கும். பிறகு பூக்கத் தொடங்கினால் நிறுத்தாது.

ஓக்வில்_தோட்டம்

நல்ல விளக்கம், அண்ணா. எனக்கும் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் மழைத்தண்ணீர் தேங்கும் பள்ளம் இருக்கிறது. சைபீரியனுக்கு ஈரம் பிடிக்கும் என்றால் அதற்குள்ளேயே வைத்துவிடலாமா? அங்கே ஏற்கெனவே ஒருவர் கொடுத்த மஞ்சள் ஐரிஸ் ஆள் உயரத்துக்கு அமோகமாக வளர்கிறது, தாடி கிடையாது.

ஸ்காபரோ_பின்வளவு

பள்ளத்தின் கரையில் வையுங்கள், உள்ளே வேண்டாம். ஈரம் வேறு, தேங்கி நிற்கிற தண்ணீர் வேறு. வசந்தத்தில் சில நாள் தண்ணீர் நின்றால் சமாளிக்கும், குளிர்காலம் முழுக்கத் தண்ணீருக்குள் தலை மூழ்கி நின்றால் அழுகிவிடும்.

அந்த மஞ்சள் அநேகமாக ஐரோப்பாவின் மஞ்சள் நீர் ஐரிஸ். ஒன்ராறியோவின் ஈரநிலங்களில் அது புகுந்து உள்ளூர்ச் செடிகளை நெருக்கித் தள்ளுகிறது. விதை தண்ணீரில் மிதந்து போகும், கிழங்குத் துண்டு போனாலும் முளைக்கும். உங்கள் பள்ளத்துத் தண்ணீர் ஏதாவது ஓடையில் சேருமானால் அதைத் தோண்டி எடுத்துவிடுங்கள், கையுறை போட்டுக்கொண்டு, ஏனென்றால் சாறு தோலில் எரிச்சல் தரும். அமோகமாக வளர்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் பயம். தண்ணீருக்குள் நிற்கிற நீல ஐரிஸ் வேண்டுமென்றால் இந்த மண்ணின் சொந்தச் செடி ஒன்று உண்டு, புளூ ஃபிளாக் என்பார்கள், கியூபெக் மாகாணம் 1999இல் தன் பூவாக அறிவித்தது அதைத்தான். அந்தப் பள்ளத்துக்கு அது பொருத்தமாக இருக்கும்.

காந்தள்

மல்லி, உங்கள் இரண்டாவது செடியைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை, அதற்கு நான் வருகிறேன்.

நீங்கள் சொல்லும் நிறத்தை வைத்துப் பார்த்தால் அது பட்டர் அண்ட் சுகர் என்ற சைபீரியன் வகையாக இருக்கலாம். மேல் இதழ் வெள்ளை, கீழ் இதழ் வெண்ணெய் மஞ்சள். 1970களில் அது வந்தபோது பெரிய பேச்சாக இருந்தது, காரணம் அதுவரை வந்த மஞ்சள் சைபீரியன்கள் பூத்த ஓரிரு நாளில் வெளுத்து வெள்ளையாகிவிடும், இதில் மஞ்சள் நிற்கிறது. உருவாக்கியவர் கரியர் மெக்யூவன், அமெரிக்காவின் மெயின் மாநிலத்துக்காரர். தொழிலால் மூட்டுவாத மருத்துவர், நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் டீனாக இருந்தவர். ஐம்பது வயதைத் தாண்டித்தான் ஐரிஸ் பக்கம் வந்தார், 100 வயதைத் தாண்டி வாழ்ந்தார், 2004இல் காலமானார். கௌட் என்கிற மூட்டுவலிக்குக் கொடுக்கும் கொல்கிசின் மருந்தை நாற்றுகளில் பயன்படுத்தி, சைபீரியன் ஐரிஸின் 28 குரோமோசோம்களை 56 ஆக்கினார். இதழ் தடித்து, அகன்று, தண்டு உறுதியான வகைகள் அப்படித்தான் வந்தன, 1970 வாக்கில் வெளிவந்த ஆர்வில் ஃபே என்ற வகை அவற்றில் முதல் வரிசை. கொல்கிசின் நமக்கு அந்நியமில்லை. நம்முடைய செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருப்பது அதுதான், மூலனூர், தாராபுரம் பக்கத்தில் அந்த விதைக்காகவே பந்தல் போட்டுச் செங்காந்தள் பயிரிடுகிறார்கள். என் பெயருக்குக் காரணமும் அந்தப் பூதான், அதனால் இந்த ஒட்டுறவு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சரி, உங்கள் செடி. முதல் பிரச்சினை நிழல். சைபீரியனுக்கு நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். அரை நிழலில் இலை வரும், பூ பேருக்கு ஒன்றிரண்டு. மேப்பிள் என்றால் நிழல் மட்டும் இல்லை, அதன் வேர் மண்ணின் மேல்மட்டத்திலேயே பரவித் தண்ணீரையெல்லாம் உறிஞ்சிவிடும். அந்த இடத்தில் எந்த உரம் போட்டாலும் அது மரத்துக்குத்தான் போகும். செப்டம்பரில் அதையும் வெயிலுக்கு மாற்றுங்கள்.

இரண்டாவது பிரச்சினை மண். நரம்பு பச்சை, நடுவெல்லாம் மஞ்சள் என்பது இரும்புச்சத்து ஏறாத அடையாளம். நம் பக்கத்துக் களிமண்ணில் சுண்ணாம்பு கலந்திருக்கும். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, சுண்ணாம்பு மண்ணில் அதை வேரால் எடுக்க முடிவதில்லை. சைபீரியன் ஐரிஸுக்குச் சற்றே புளிப்பான (அமிலத்தன்மையுள்ள) மண், அந்தப் புளிப்பை அளக்கும் பிஎச் கணக்கில் 5.5இலிருந்து 7க்குள், பிடிக்கும். நடும்போது குழிக்கு மட்டும் இல்லாமல் பாத்தி முழுக்கவே கம்போஸ்ட்டைத் தாராளமாகக் கிளறிவிடுங்கள், களிமண்ணும் இளகும், ஈரமும் நிற்கும். பிஎச் அதிகம் என்று மண் பரிசோதனையில் தெரிந்தால் தோட்டக் கந்தகம் கொஞ்சம் சேர்க்கலாம், அது மெதுவாகத்தான் வேலை செய்யும், ஒரே வருடத்தில் அள்ளிக் கொட்டக் கூடாது. உடனடிப் பச்சைக்கு இரும்புச் செலேட் (வேரால் எடுக்க முடிகிற வடிவில் உள்ள இரும்பு) ஊற்றலாம், ஆனால் அது தற்காலிகம். அடுப்புச் சாம்பல், சுண்ணாம்பு இரண்டையும் அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஊரில் எல்லாச் செடிக்கும் சாம்பல் போடும் பழக்கம் நம்மிடம் உண்டு, இங்கே இந்தச் செடிக்கு அது ஆகாது.

உரம் என்றால் வசந்தத்தில் இலை கிளம்பும்போது ஒருமுறை, பூ முடிந்ததும் ஒருமுறை, 5-10-10 மாதிரி, அதாவது பையில் போட்டிருக்கும் மூன்று எண்ணில் முதல் எண்ணான நைட்ரஜன் குறைந்தது. புல்தரைக்குப் போடும் உரம் சிதறி இந்தப் பாத்தியில் விழாமல் பாருங்கள், அதில் நைட்ரஜன் தூக்கலாக இருக்கும், இலை மட்டும் தளதளவென்று வரும்.

தண்ணீர் கணக்கு: இலை கிளம்பியதிலிருந்து பூ முடியும்வரை வாரம் இரண்டரை சென்டிமீட்டர், மழையையும் சேர்த்து. ஒரு காலி டூனா டின்னைப் பாத்தியில் வைத்தால் எவ்வளவு விழுந்தது என்று தெரிந்துவிடும். வேர் பிடித்துப் பழகிய தூர் கோடை வறட்சியைத் தாங்கும், இலை நுனி காயும், சாகாது. ஆனாலும் ஆகஸ்ட்டில் ஒரேயடியாக மறந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. உங்கள் பழைய தூரின் நிறத்தைப் படித்ததும் சீசர்ஸ் பிரதர் ஞாபகம் வந்தது, இந்த நாட்டுப் பழைய வீடுகளில் அது நிறைய இருக்கிறது. 1932இல் பதிவான வகை, உருவாக்கியவர் மொன்றியல்காரர் கிளீவ்லண்ட் மார்கன். இன்றைக்கும் நர்சரிகளில் விற்கிறது. ஒட்டாவாவில் மத்திய பரிசோதனைப் பண்ணையில் வேலை பார்த்த இசபெல்லா பிரெஸ்டன் என்ற அம்மையார் அதே காலத்தில் சைபீரியன் ஐரிஸ்களை உருவாக்கி, கட்டினோ, ஒட்டாவா என்று கனடிய ஆறுகளின் பெயரை வைத்தார். லைலாக் என்ற பூம்புதரில் அவர் பெயரையே தாங்கிய கலப்பினம் உண்டு. சைபீரியன் என்றாலும் இந்தச் செடிக்கு இந்த மண்ணிலும் நல்ல வேர் இருக்கிறது, அது தெரிந்து வளர்த்தால் எனக்கு ஒரு தனி நெருக்கம் வருகிறது. வகைகளை நேரில் பார்க்க வேண்டுமானால் ஜூன் முதல் பாதியில் பர்லிங்டன் ராயல் பொட்டானிக்கல் கார்டன்ஸின் லேக்கிங் தோட்டத்துக்குப் போங்கள். ஐரிஸும் பியோனியும் அங்கே பெரிய தொகுப்பாக இருக்கின்றன. கடையில் சீட்டில் ஒட்டிய படத்தை நம்பி வாங்குவதைவிட அங்கே போய் நிறம் பார்த்துப் பெயர் குறித்துக்கொண்டு வருவது மேல்.

ஒஸ்லோ_இளவேனில்

நான் நோர்வேயிலிருந்து எழுதுகிறேன். ஸ்காபரோ அண்ணா சொன்னது எல்லாம் சரி, ஒன்றில் மட்டும் என் அனுபவம் வேறு. இங்கே நாங்கள் வசந்தத்தில்தான் பிரிக்கிறோம். முளை மண்ணுக்கு மேலே விரல் நீளம் வந்ததும் தோண்டி, அன்றைக்கே நட்டுவிடுவோம். எங்களுக்குச் செப்டம்பர் முடிவதற்குள் மண் குளிர்ந்துவிடுகிறது, இலையுதிர் காலத்தில் நட்டதில் வேர் பிடிக்காமல் பனியில் மேலே தள்ளப்பட்டவை உண்டு. வசந்தத்தில் நட்டால் முழுக் கோடையும் அதற்குக் கிடைக்கிறது. அந்த வருடத்துப் பூ போகும், அதுதான் விலை.

எங்கள் மண் இயல்பாகவே புளிப்பு, அதனால் மஞ்சள் இலைப் பிரச்சினை தெரியாது. நத்தைத் தொல்லைதான் இங்கே, ஓடில்லாத பழுப்பு நத்தை இளம் மொட்டையே தின்றுவிடும். சாயங்காலம் டார்ச்சோடு போய்ப் பொறுக்குவதைத் தவிர வேறு வழி எனக்குப் பிடிபடவில்லை.

ஸ்காபரோ_பின்வளவு

ஓம், இளவேனில் சொல்வது நியாயம். இங்கே வட ஒன்ராறியோவில் சுட்பரி, தண்டர் பே பக்கம் இருக்கிறவர்களுக்கும் வசந்தம்தான் நல்லது. பிராம்ப்டனுக்கு இரண்டும் சரி வரும். ஆனால் வசந்தத்தில் பிரித்தால் ஜூலை வெயில் வரும்போது வேர் இளசாக இருக்கும், வேலைக்குப் போய் வருகிறவர்கள் தண்ணீரை மறந்தால் போச்சு. அதனால்தான் மல்லிக்குச் செப்டம்பர் சொன்னேன்.

பிராம்ப்டன்_மல்லி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அத்தை இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்துவிட்டு "இது வசம்பில்லை" என்று அவரே சொல்லிவிட்டார். அந்தக் கவலை தீர்ந்தது.

இவ்வளவும் படித்துவிட்டு இன்று காலையில் தூரைக் கிட்டப்போய்ப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு கொத்தில் மட்டும் இலையின் விளிம்பு அரித்த மாதிரி இருக்கிறது, அடிப்பக்கம் ஈரமாக, மரத்தூள் போல ஏதோ ஒட்டியிருக்கிறது, இலையை இழுத்தால் கையோடு வருகிறது. இது என்ன?

அப்புறம் காயை வெட்டிவிடவா, விதைக்கு விடவா? அத்தை ஒரு கிழங்கை பொள்ளாச்சிக்கு எடுத்துப்போக ஆசைப்படுகிறார். நானும் பிரித்ததில் ஒன்றைத் தொட்டியில் வைத்து முருங்கை, கறிவேப்பிலையோடு குளிர்காலத்தில் வீட்டுக்குள் எடுத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன்.

காந்தள்

அது ஐரிஸ் துளைப்பான். ஒரு அந்துப்பூச்சியின் புழு. இலையுதிர் காலத்தில் தாய் காய்ந்த இலையில் முட்டை வைக்கும், வசந்தத்தில் பொரித்த புழு இலைக்குள் புகுந்து, உள்ளேயே தின்றுகொண்டு கிழங்குவரை இறங்கும். ஜூலையில் விரல் நீளத்துக்கு இளஞ்சிவப்பாக, பழுப்புத் தலையோடு இருக்கும். தாடி ஐரிஸைத்தான் அதிகம் தாக்கும், அங்கே புழு போட்ட வழியில் நாற்றமெடுத்து அழுகலும் சேர்ந்துகொள்ளும். சைபீரியனில் குறைவு, இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது.

அந்தக் கொத்தை இன்றைக்கே கிழங்கோடு வெட்டி எடுத்து, பிளந்து புழு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நசுக்கிவிட்டுக் குப்பைப் பையில் கட்டிப் போடுங்கள், கம்போஸ்ட் தொட்டியில் வேண்டாம். மற்ற கொத்துகளில் இலையின் அடியை விரலால் அழுத்திக்கொண்டே வந்தால் உள்ளே மெத்தென்று தட்டுப்படும் இடத்தில் புழு இருக்கும், அங்கேயே நசுக்கிவிடலாம். மருந்தைவிட முக்கியம், பனி விழுந்து இலை மஞ்சளானதும் தரையிலிருந்து இரண்டு விரல் விட்டு எல்லாவற்றையும் அறுத்து, ஒரு சருகு விடாமல் அள்ளி வெளியேற்றுவது. முட்டையெல்லாம் அந்தச் சருகில்தான் இருக்கும். காய்ந்த தண்டும் காயும் பனியில் அழகாக நிற்கும் என்று சிலர் விட்டுவைப்பார்கள், துளைப்பான் வந்த தோட்டத்தில் அந்த ஆசை வேண்டாம்.

காயை வெட்டிவிடுங்கள். விதை பிடிக்கச் செலவாகும் சத்து கிழங்குக்குப் போகட்டும். விட்டால் விதை சிந்தித் தூருக்குள்ளேயே நாற்று முளைக்கும், அது தாயைப் போலப் பூக்காது, பிறகு எது எதுவென்று பிரித்தறிய முடியாது. விதைத்துப் பார்க்க ஆசை என்றால் ஒரே ஒரு காயை விட்டு, அது பழுப்பாகி நுனி வெடிக்கும்போது எடுத்து, அக்டோபரில் வெளியிலேயே ஒரு தட்டில் விதைத்து விட்டுவிடுங்கள். குளிர் பட்டால்தான் அது முளைக்கும். மூன்றாவது வருடம் வாக்கில் பூ பார்க்கலாம், என்ன நிறம் வரும் என்று எதிர்பார்த்துக் காத்திருப்பதே சந்தோஷம்.

ஸ்காபரோ_பின்வளவு

பொள்ளாச்சிக்கு வேண்டாம் தங்கச்சி. முதலில், செடியையும் கிழங்கையும் பெட்டிக்குள் வைத்து இந்தியாவுக்குக் கொண்டுபோகச் சட்டத்தில் இடமில்லை, இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். அதையெல்லாம் தாண்டிப் போனாலும் அந்த வெக்கையில் அது நிலைக்காது. இலை உதிர்ந்து, குளிரில் மாதக்கணக்கில் உறங்கி எழும்புகிற செடி அது, அந்த உறக்கம் கிடைக்காவிட்டால் மெலிந்து மெலிந்து செத்துப்போகும். அத்தைக்கு ஆசையாக இருந்தால் படம் எடுத்துக் கொடுங்கள், அடுத்த முறை ஜூனில் பூக்கும் நேரம் பார்த்து டிக்கெட் போடச் சொல்லுங்கள்.

வீட்டுக்குள் எடுக்கிறதும் அதே காரணத்தால் கூடாது. முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் சூடு வேண்டும், இதற்குக் குளிர் வேண்டும். தொட்டியில்தான் வைப்பேன் என்றால், பெரிய தொட்டியாக எடுங்கள், அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்க வேண்டும், நவம்பரில் அந்தத் தொட்டியோடு சேர்த்து மண்ணுக்குள் விளிம்புவரை புதைத்துவிடுங்கள், மேலே சருகு போடுங்கள். மண்ணுக்கு மேலே தனியாக நிற்கிற தொட்டியில் வேர் நாலு பக்கமும் உறையும், நிலத்துக்குள் இருக்கிற வேருக்கு அந்த அடி விழாது. கராஜ் சூடேற்றாத கராஜ் என்றால் அங்கேயும் வைக்கலாம், இடைக்கிடை மண் முழுக்கக் காய்ந்துபோகாமல் ஒரு கோப்பை தண்ணீர் விட்டுக்கொண்டு.

பிரித்த பிறகு துண்டு மிஞ்சினால் எறியாதீர்கள், எனக்கு மெசேஜ் போடுங்கள், நான் வந்து எடுத்துக்கொள்கிறேன். புழு இல்லாத துண்டாகப் பார்த்து, வேரை ஈரக் கடதாசியில் சுற்றி வைத்தால் போதும்.